மாட்டுக்குக் கொடுக்கும் மரியாதை

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி அன்னவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிற தம்பிகளே! பெண்கள் கூட்டம்தானே என்று தள்ளி உட்கார்ந்துவிட்டீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவதில் பாதி உங்களுக்குத்தான். வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே வாருங்கள்.

நான் மருத்துவர் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இரண்டு பிள்ளை பெற்றவள். முதல் பிள்ளையிடம் தோற்று, இரண்டாவது பிள்ளையிடம் தேறியவள். அந்தத் தகுதியில்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். வாடிவாசல் திறக்கிற சீமையில் இதைக் கேட்டதே தப்பு.

வீட்டில் பசு கன்று போட்டால் என்ன செய்வோம்? முதல் சில நாள் சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். கன்று குடித்தது போக மிச்சத்தைக் கறந்து, கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சினால் தானாகத் திரண்டு நிற்கும். அக்கம்பக்கத்துக்குக் கிண்ணத்தில் கொடுத்துவிடுவோம். அதைக் காசுக்கு விற்பது பாவம் என்று சொல்லும் வீடுகள் உண்டு. பசுவின் சீம்பாலைக் கெட்ட பால் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதே வீட்டில் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, "மஞ்சளா வருது, பழைய பால், பீச்சி விட்டுரு" என்றார்கள். எனக்குச் சொன்னார்கள். 1988-ல். நானும் பீச்சிவிட்டேன். படித்த வாத்தியார்.

இப்போது அந்தப் பழக்கம் பெருமளவு ஒழிந்துவிட்டது. செவிலியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதன் பலன் அது. ஒழியாத வேறொன்று இருக்கிறது. அதற்கும் மாட்டிடமே போகலாம்.

கறக்க உட்காருகிறவரைக் கேளுங்கள். அசலார் பக்கத்தில் நின்றால் மாடு சுரப்பு விடாது. நாய் குரைத்தால் பாலை மேலே இழுத்துக்கொள்ளும். அதனால் தவிடு குழைத்து வைத்து, கன்றை முட்ட விட்டு, முதுகைத் தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மடியில் கை வைப்பார்கள். கன்று செத்துப்போனால், அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பக்கத்தில் நிறுத்துவார்கள். தாய்மாடு அதை நக்கும், நக்கினால் சுரக்கும். நம் பாட்டன் பூட்டனுக்கு ஹார்மோன் என்ற சொல் தெரியாது. ஆனால் பால் மடியில் மட்டும் இல்லை, மனசிலும் இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

பால் உண்டாவதற்கு புரோலாக்டின் என்ற ஹார்மோன் வேண்டும். உண்டான பால் இறங்கி வருவதற்கு ஆக்ஸிடோசின் வேண்டும். பிள்ளை சப்பச் சப்ப இரண்டும் ஊறும். பயம், வலி, கூச்சம், அவமானம் வந்தால் ஆக்ஸிடோசின் தடைபடும். பால் உள்ளே இருக்கும், இறங்காது. பேராசைக்காரர்கள் மாட்டுக்குத் திருட்டுத்தனமாக ஊசி போட்டுக் கறக்கிறார்கள் என்று செய்தி வருகிறதே, அந்த ஊசியில் இருப்பதும் இந்த ஆக்ஸிடோசின்தான். மாட்டுக்கும் மனுஷிக்கும் இதில் வேறுபாடு இல்லை. நடத்துகிற விதத்தில்தான் வேறுபாடு.

பெற்று மூன்று நாளான பெண்ணை எப்படி நடத்துகிறோம்? வீட்டில் பதினைந்து பேர். பிள்ளை பார்க்க வந்தவர்கள். சித்தப்பா கட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கிறார். பச்சை உடம்புக்காரி சேலையைப் போர்த்திக்கொண்டு வேர்த்து வழிகிறாள். பிள்ளை கத்துகிறது. அப்போது ஒரு குரல் வரும். எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் அதே குரல்: "ஏன்டி, பால் பத்தலையா?"

இந்த மூன்று சொல்லைப் பற்றிப் பேசத்தான் நான் வந்தேன். மற்றதெல்லாம் சுவரொட்டியில் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் எனக்கு மார் கல்லாகிவிட்டது. தொட்டால் உயிர் போனது. காய்ச்சல் அடித்தது. பிள்ளையால் காம்பைப் பிடிக்க முடியவில்லை. வாயை வைக்கும், நழுவும், அலறும். அதற்குப் பெயர் பால்கட்டு என்றும், வெந்நீர்த் துணியை ஒற்றிக் கொஞ்சம் பீச்சி இளக்கிவிட்டால் பிள்ளை பிடித்துக்கொள்ளும் என்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. பால் நிறைந்து நின்ற நாளில்தான் என்னைப் பார்த்து "பால் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார்கள். என் பெரியம்மா நல்லவர். பதறிப்போய், பேருந்து பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு டின் பால்பவுடரும் ஒரு பாட்டிலும் வாங்கி வந்தார். பிள்ளை பாட்டிலைக் குடித்துத் தூங்கியது. வீடே "அப்பாடா" என்றது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். தூங்குகிற பிள்ளை சப்பாது. சப்பாத மார் சுரக்காது. ஒரு மாதத்தில் எனக்கு நிஜமாகவே பால் நின்றுவிட்டது. "அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்கள்.

1993-ல் இரண்டாவது பிள்ளை. அப்போது எங்கள் தெருவில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் குடியிருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாரும் கொஞ்சம் திண்ணைக்குப் போங்க" என்றார். கதவைச் சாத்தினார். முதுகுக்கு ஒரு தலையணை, கைக்கு ஒரு தலையணை. பிள்ளையின் வயிறு என் வயிற்றில் படும்படி திருப்பினார். வாய் கொட்டாவி மாதிரி அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்போடு கறுப்பு வட்டமும் உள்ளே போகும்படி அணைத்துவிட்டார். கீழுதடு வெளியே மடிந்தது. பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கூந்தல் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம். அந்தப் பிள்ளை இரண்டு வயதுவரை குடித்தான்.

இரண்டு தடவையும் அதே உடம்பு, அதே மார். யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

ஒரு பிள்ளை அழுகிறது. இரும்மா, எழுந்து போகாதே, இங்கேயே உட்கார்ந்து கொடு... சரி, போய்விட்டாள்.

கணக்கு கொஞ்சம் பார்ப்போம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடக்கின்றன. உலகம் மெச்சுகிற சாதனை. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 55 சதவீதம். இந்தியா முழுவதுக்குமான அளவு கிட்டத்தட்ட 64. மற்ற எல்லாவற்றிலும் வடக்கைப் பார்த்து மார்தட்டும் நாம் இதில் சராசரிக்கும் கீழே. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2016-ல் எடுத்த கணக்கு 82. அங்கே பொதுச் சுகாதார மருத்துவமாது வீட்டுக்கே வருகிறார். பெற்ற முதல் பத்து நாளுக்குள் வந்துவிடுகிறார். நம் சுகாதாரச் செவிலியர்களும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் எத்தனை ஊர், எத்தனை பதிவேடு, எத்தனை கணினிப் பதிவு என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பால் நன்றாகக் கட்டி இறங்குவதும் அதே இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். ஆக, மருத்துவமனை முடிகிற இடத்தில் சிக்கல் ஆரம்பிக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் யாரும் இல்லாத நேரம். அந்த நேரத்தில் உள்ளே நுழைவது நாம்தான், "பால் பத்தலையா" என்ற கேள்வியோடு. அதே ஆய்வின்படி நூற்றுக்கு 45 பேருக்கு ஆபரேஷன். தையல் வலியோடு திரும்பிப் படுக்கவே முடியாதவளுக்குப் பால் இறங்க இன்னும் ஒரு நாள் கூடலாம். முதல் நாள் பிள்ளையின் வயிறு எவ்வளவு கொள்ளும் தெரியுமா? ஒரு தேக்கரண்டி. அதற்குச் சீம்பால் போதும். முதல் சில நாளில் பிள்ளையின் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பு. இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும்.

பால் பத்துகிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்து அல்ல. துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது பிள்ளை ஈரம் பண்ணினால் பால் போகிறது என்று அர்த்தம். எண்ணிக்கை குறைந்தால், பிள்ளை சோர்ந்து சப்பாமல் கிடந்தால், மஞ்சள் ஏறினால், மாமியாரையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம். நேராக மருத்துவமனை.

நம் கிழவிகளைத் திட்டுவதற்காக நான் வரவில்லை. அவர்கள் வைத்திருந்த அறிவு சாதாரணமானது இல்லை. பிள்ளை தவறிப்போனால் தாய்க்குப் பால் நிற்க மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டுவார்களே, அதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் வேலை செய்கிறது என்று 1988-ல் கட்டுரையே எழுதினார்கள். பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் பால்சுறாப் புட்டும் வைத்துப் பெற்றவளுக்கு வாய்க்கு ருசியாக ஒரு வாய் ஊட்டினார்களே, அதைவிடப் பெரிய மருந்து எது? ஆனால் அதே கை, "வயிறு போட்டுரும்" என்று சொல்லி அவளுக்குத் தண்ணீரை மறுத்தது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்தில் நா வறளும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அவளுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுங்கள். பிள்ளைக்குத்தான் ஆறு மாதம் தண்ணீரே வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்: தாய்க்குத் தண்ணீர் இல்லை, பிள்ளைக்குச் சங்கில் சர்க்கரைத் தண்ணீர்.

அப்புறம் இந்தச் சேனை. தொட்டு வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று பெரிய மனிதராகப் பார்த்துத் தேனை நாக்கில் வைக்கச் சொல்கிறோம். ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்து. அதில் இருக்கக்கூடிய கிருமி சின்னப் பிள்ளையை முடக்கிப் போட்டுவிடும். கழுதைப்பாலும் அப்படியே, காய்ச்சாத பால், சங்கு கணக்கில் தெருவில் விற்பது. கழுதையின் குட்டிக்காவது அதை விட்டுவைக்கலாம். வசம்புக்குப் "பிள்ளை வளர்ப்பான்" என்று பெயர் வைத்தவர்கள் நாம். அது கையில் காப்பாகக் கிடந்துவிட்டுப் போகட்டும், வாய்க்குள் போக வேண்டாம். பெரியவர் ஆசீர்வாதம் வேண்டுமென்றால் நெற்றியைத் தொடட்டும்.

டின்பாலுக்கு வருகிறேன். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். அந்தச் சிங்கப்பூரில் 1939-ல் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ரோட்டரி சங்கத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பே 'பாலும் கொலையும்'. டின்பால் கம்பெனிகள் நர்ஸ் மாதிரி உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பி, இது தாய்ப்பாலைவிட மேல் என்று சொல்ல வைத்தன. கட்டிப்பாலைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள் தேறாமல் செத்தன. தெரியாமல் செய்த தவறு என்று இதை விட்டுவிடக்கூடாது, கொலை என்றே சொல்ல வேண்டும் என்றார் அந்த அம்மாள். உலக சுகாதார நிறுவனம் இதற்கு விதிமுறை கொண்டுவர 1981 ஆயிற்று. இந்தியாவில் 1992-ல் சட்டம் வந்தது. பால்பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி கொடுக்கக்கூடாது, டின் மேல் பிள்ளைப் படம் போடக்கூடாது. அதனால்தான் இன்றைக்குத் தொலைக்காட்சியில் அந்த விளம்பரம் வருவதில்லை. ஆனால் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் தேவையில்லை. நம் வீட்டுக்கு வருகிற அத்தையே போதும். கூலி இல்லாத விற்பனையாளர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுவரொட்டியில் இருக்கும் தாயைப் பாருங்கள். பூ வைத்து, பொட்டு வைத்து, சிரித்துக்கொண்டே பால் கொடுக்கிறாள். இரவு மூன்று மணிக்கு நாலாவது தடவையாக எழுந்த பெண் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. "தாய்ப்பால் கொடுக்காதவள் தாயா?" என்று மேடையில் முழங்குகிற பேச்சாளர்களை எனக்குப் பிடிக்காது. சிலருக்கு நோயால் முடியாமல் போகிறது. சிலருக்குக் குறைமாதப் பிள்ளை; அதனால் சப்ப முடியாது. அதற்காகத்தான் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆரம்பித்தது ஆசியாவிலேயே முதலாவது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் 2015 முதல் பரவலாயிற்று. எல்லா முயற்சியும் செய்து பார்த்து, மருத்துவர் சொல்லி, பவுடரைக் கரைத்துக் கொடுக்கிற தாய் குற்றவாளி இல்லை. பாட்டிலைவிடப் பாலாடை நல்லது என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். பால் கொடுக்கிற பெண்ணுக்கும் கொடுக்க முடியாத பெண்ணுக்கும் நாம் தருவது ஒரே தண்டனைதான்: விசாரணை.

பெற்ற பிறகு காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்தில் தெளிந்தால் சரி. அதற்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் பிடிக்காமல், பிள்ளையைத் தொடவே மனமில்லாமல் இருந்தால் அது பேய் பிசாசு இல்லை, திமிரும் இல்லை. மருத்துவம் வேண்டும். 104-க்குக் கூப்பிட்டுக்கூடப் பேசலாம்.

பெண்பிள்ளை என்றால் சீக்கிரம் பால் மறக்கடிக்கிற வழக்கமும் இருக்கிறது. அடுத்தது ஆணா பார்க்க வேண்டுமல்லவா? இந்தியக் குடும்பநல ஆய்வுத் தரவுகளைக் கொண்டு சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் இதை எண்ணிக்காட்டினார்கள். பால் குடிக்கும்போதே அந்தப் பிள்ளைக்குச் சொத்துரிமை போய்விடுகிறது.

இப்போது தம்பிகள். உள்ளே வந்துவிட்டீர்கள், நன்றி. உங்களில் பலர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்து வீடியோ காலில் பிள்ளையைப் பார்ப்பீர்கள். பார்த்தவுடன் என்ன சொல்கிறீர்கள்? "என்ன, இளைச்ச மாதிரி இருக்கு?" அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள். இங்கே ஒருத்தி இரண்டு நாள் சோறு இறங்காமல் இருப்பாள். ஊரில் இருக்கிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஆம்பிளை செய்யலாம்: துணி மாற்றலாம், தோளில் போட்டுத் தட்டலாம், வாசலில் நின்று "இப்ப தூங்குறாங்க, அடுத்த வாரம் வாங்க" என்று சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பலாம். கடைசியில் சொன்னதுதான் ரொம்பத் துணிச்சல் வேண்டிய வேலை.

சங்கப் பாட்டில் தலைவிக்கு நற்றாய் ஒருத்தி, செவிலித்தாய் ஒருத்தி என்று இரண்டு தாய். வசதியான வீட்டுக் கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பிள்ளைக்கு ஒருத்தி போதாது என்ற கணக்கு அன்றைக்கே இருந்தது. இன்றைக்கு அந்தச் சொல் மருத்துவமனையில் செவிலியராக நிற்கிறது. வீட்டில் அந்த இடம் காலி. களையெடுக்கவும், கல் உடைக்கவும், நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்களுக்கு வேலை செய்கிற இடத்திலும் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. 2005-ல் வேலை உறுதிச் சட்டம் வந்தபோதே, ஐந்து சின்னப் பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதினார்கள். எந்த வேலைத்தளத்தில் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தீர்கள்? அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 முதல் 12 மாதம் விடுப்பு, சந்தோஷம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம். கேட்டால் வேலை இருக்குமா? விடுப்பைப் போலவே அரசின் உதவியும் இருக்கிறது, முத்துலட்சுமி ரெட்டி பெயரில். அவர் பிறந்தது நம் புதுக்கோட்டையில், 1886 ஜூலை 30. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்குள் நுழைந்து, 1912-ல் மருத்துவரானவர். அவர் பெயரிலான திட்டத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி வருகிறது. அதில் வரும் பணத்தைக் கைக்கு வந்தவுடன் கடனுக்குக் கட்டுகிறவர்களைத் தெரியும். குறை சொல்ல மாட்டேன். அதில் ஒரு பங்காவது அவள் வயிற்றுக்குப் போகட்டும்.

இதெல்லாம் மாறுமா என்று கேட்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது இந்த மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். நானும் அதில் தொண்டர்; முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. முதலில் கேலி. "பொம்பளை சைக்கிள் விட்டா மழை பெய்யுமா?" என்றார்கள். ஆயிரம் பேர் ஓட்டியதும் கேலி செய்ய ஆள் இல்லை. பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடாகி ஆண்கள் சைக்கிளையே வாங்கினோம். அதிலும் ஒரு வசதி கண்டுபிடித்தோம்: முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். சைக்கிளைப் புத்தகத்தில் படித்து யாரும் கற்றுக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த ஒருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். விழுந்தால் தூக்கினாள். பால் கொடுப்பதும் அப்படிக் கற்றுக்கொள்கிற வேலைதான். இயற்கையாக வந்துவிடும் என்று சொல்லி அவளைத் தனியாகத் தள்ளிவிட்டோம்.

ஆகவே இந்த ஊர்ப் பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் அடுத்து எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், மூன்றாம் நாள் போங்கள். ஒருவர் மட்டும். போகும்போது குழம்பு கொண்டு போங்கள். போய்க் கதவைச் சாத்துங்கள்.

பிள்ளை அழுததும் எழுந்துபோன அந்தப் பெண், நான் பேசி முடிக்கும்வரை திரும்பி வரவில்லை. மேடைக்குப் பின்னால், சுவர் ஓரம் வெயிலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இங்கிருந்து எனக்குத் தெரிகிறது. தாய்ப்பால் வாரக் கூட்டத்தில் பால் கொடுக்க இடம் இல்லை. தம்பி, நீல சட்டை, அந்த முதல் வரிசை நாற்காலியில் ஒன்றையும் ஒரு செம்புத் தண்ணீரையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாப்பா. திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.